இரண்டரை விரல்

காது வலி என்றுதான் போனேன்.
பகாவ் மெயின் ரோட்டு கிளினிக்கில்
இரண்டு முறை சொட்டு மருந்து,
ஒரு முறை அழுக்கு என்று பீச்சியடித்த வெந்நீர்.
காது சுத்தமானது. வலி மட்டும்
வாசல் செருப்பு மாதிரி அப்படியே கிடந்தது.

ஏகாம்பரத்திடம் சாட்சி இருந்தது.
விடிகாலை இரண்டு மணிக்குக்
கைப்பேசியில் பிடித்த நாற்பது விநாடி.
செம்பனைக் கொட்டை உடைக்கும் இயந்திரத்துக்குள்
யாரோ ஒரு கைப்பிடி சரளை போட்டாற்போல.
"அது நீதான்" என்றார்,
இருபது வருஷமாய் அந்த இயந்திரத்துக்கு
பேரிங் மாற்றுகிறவர்.

பல் டாக்டர் ஹஸ்லிண்டா
என் காதுக்கு முன்னால் விரல் வைத்தார்.
திற. மூடு. திற.
டொக்.
பிறகு என் விரல்களையே
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
வாய்க்குள் விடச் சொன்னார்.
மூன்று நுழைய வேண்டுமாம்.
ஒன்றரைதான் நுழைந்தது.

மண்டையோட்டுக் குழியில் தாடையின் குமிழ்,
நடுவே சின்னதாய் ஒரு மெத்தை.
"வாஷர்" என்றார் ஏகாம்பரம்.
அது நழுவிப்போய்
மறுபடி இடத்துக்கு வரும்போதுதான் அந்த டொக்.
"கிரீஸ் அடிக்க முடியாதா டாக்டர்?"
அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் போய்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

என்ன வேலை என்று கேட்டார்.
ஆலை எடைப்பாலம்.
லோரி ஏறும், எண் நிற்கும், சீட்டுக் கிழிப்பேன்.
காய் பழுக்கவில்லை என்று
தரம் பார்க்கிறவன் கழிப்பான்;
கத்தல் என் ஜன்னலுக்கு வரும்.
எல்லாம் மனசுதான் என்று
அவர் கதை கட்டவில்லை.
தூக்கம், கவலை, பழக்கம், நாளுக்கு ஐந்து கோப்பி,
பல புரி சேர்ந்து முறுக்கிய கயிறு, என்றார்.
எந்தப் புரி முதலில் என்று கேட்காதே,
கைக்கு வந்ததை அவிழ்.

உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்.
விழுங்கும்போது தவிர
மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் பேச்சே வேண்டாம்.
நாக்கு நுனி
'ன' சொல்லும் இடத்தில் இருக்கட்டும் என்றார்.

எந்த ன?
எங்களுக்கு மூன்று உண்டே, டாக்டர்.
வீடு திரும்பும் வழியெல்லாம்
காருக்குள் சொல்லிப் பார்த்தேன்.
ந போய்ப் பல்லை இடிக்கிறது.
ண பின்னால் மடிந்து கொள்கிறது.
இரண்டு சுழிதான் சரி.

கணினி மூலையில் எழுதி ஒட்டினேன்: ன.
லோரியோடு வரும் ஷஃபிகுல் எட்டிப் பார்த்து
"அக்கா, இது சாமியா?" என்றான்.
ஒரு வகையில், என்றேன்.
அவனைப் பார்த்தபோது
என் பற்கள் மறுபடி ஒட்டியிருந்தன.

பிறகு ஒத்தடம்,
கஞ்சி, குழைந்த சோறு,
கொட்டாவி வந்தால் தாடைக்கு ஒரு கை.
தீபாவளி முறுக்கைச் சுட்டு முகர்ந்ததோடு சரி.
முந்நூற்று எண்பது ரிங்கிட்டுக்கு,
இரண்டு தவணையில்,
கண்ணாடி மாதிரி ஒரு கவசம்.
ஏகாம்பரம் அதற்கு ஜாகா என்று பேர் வைத்தார்.
ராத்திரிக் காவல்தானே.

மூன்று மாதம் கழித்து
டாக்டர் ஜாகாவை விளக்கில் பிடித்தார்.
வலது பக்கம் ஒரு குழி, அரிசி அளவு.
"இது உங்கள் பல்லில் விழுந்திருக்கும்."
அப்போ நான் அரைப்பதை நிறுத்தவில்லையா?
"இல்லை" என்றார், நோவாமல்.

நேற்று தவுக்கே சியோங் வந்தார்.
நூற்று இருபது கிலோ கழிவு,
ஜன்னல் அதிர ஒரு கத்தல்.
வழக்கமான சரிங்க தொண்டை வரை வந்தது.
நான் சீட்டைத் திருப்பி வைத்து,
"தரம் பார்ப்பவர் அந்தக் கொட்டகையில் இருக்கிறார்,
அவரிடம் போய்க் கேளுங்கள்" என்றேன்.
டொக் என்றது.
அவருக்குக் கேட்டிருக்காது.

இன்று காலை கண்ணாடி முன்னால் அளந்தேன்.
இரண்டரை.
மோதிரத்தைக் கழற்றியிருந்தால்
இன்னும் கொஞ்சம் வந்திருக்கும்.