கருவி பழுதாகவில்லை

முதல் கேள்வி நிறம் பற்றியது.
ஐம்பத்தாறு கோடி ஆண்டுக்கு முன்
கடலடியில் இறகுபோல் நின்ற ஒன்றுக்கு
என்ன நிறம் கொடுப்பது?
லொரெட்டா கீஹோ சாக்லெட் காகிதத்தைப் பிரித்தபடி
"தெரியாது" என்றாள். பாறையியல் ஆலோசகர்.
இதைச் சொல்லத்தான்
நாளொன்றுக்கு நானூறு டாலர்.

நான் இளஞ்சிவப்பு வைத்தேன்.
பிறகு சாம்பல்.
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, மறுபடி இளஞ்சிவப்பு.

வெளியே, நியூஃபவுண்ட்லாந்தின் தென்கிழக்கு மூலையில்,
ஜூன் மாத மூடுபனி.
காலணியைக் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடுதான் அந்தப் பாறைமேல் நடக்கவேண்டும்.
வெயில் சாயும்போது மட்டும் படிவங்கள் எழுந்து வரும்;
உச்சியில் வெறும் கல்.
எங்கள் செயலி அந்தச் சாய்வெயிலை
எந்நேரமும் தரும். மானியம் அதற்குத்தான்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து காணொளியில் கேட்டார்கள்:
"எங்காவது ஒரு பல் உண்டா? பிள்ளைகளுக்காக."
இல்லை.
"துரத்தல்?"
கால் கிடையாது.
"சரி, ஒரு வாயாவது?"
வாயில்லா ஜீவன் என்பது மற்றதற்கெல்லாம்
பேச்சுக்குச் சொல்வது.
இவற்றுக்கு நிஜமாகவே இல்லை.
யாரும் யாரையும் தின்னாத கடலை
எப்படி விற்பதென்று
திரையில் நான்கு முகங்கள் யோசித்தன.

அப்புறம்தான் லொரெட்டா,
போகிற போக்கில், கார் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"அந்த ஆழத்துக்கு வெளிச்சமே போயிருக்காது. தெரியும்தானே?"

மூன்று மாதம் ஒளியமைத்திருந்தேன்.
மேலிருந்து இறங்கும் கதிர்கள்,
மிதக்கும் தூசு, தரையில் நெளியும் நிழல்.
கண் என்ற ஒன்று
உலகில் எங்குமே முளைக்காத காலத்துக்கு
நான் செய்து வைத்திருந்தது
சுத்தமான கண்கட்டு வித்தை.

அன்றிரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு
கோப்பைச் சேமித்தேன்.
பெயர்: உண்மை இரண்டு.

சோதித்துப் பார்க்க வந்தவர் ஃபான்ஸ் காரிகன்.
பாறைக்குக் காவல். முன்பு கோட் மீன் பிடித்தவர்;
தொண்ணூற்றிரண்டில் மீன்பிடிப்பை மூடியபின்
சளியைத் தவிர வேறெதுவும் பிடித்ததில்லை என்பார்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பழைய மீன் கிடங்கின் நடுவில் நின்றார்.
"ஒண்ணும் தெரியலயே, பொண்ணே."
பத்து விநாடி, என்றேன்.
"கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."
காடுதான், என்றேன். சுற்றிலும் நிற்கிறது.

அதன்பின் அவர் பேசவில்லை.
பத்து முடிந்தும் நான் பொத்தானைத் தொடவில்லை.
நாற்பதில் ஒளியை ஏற்றினேன்,
என் பொய்யான இளஞ்சிவப்பை.
முழங்கால் உயரத்துக்கு இறகுகள்,
நீரோட்டத்தின் பக்கமாய் ஒருசேரச் சாய்ந்து.
அப்புறம் எரிமலைச் சாம்பல்,
நான் எழுதிய வேகத்தில், மெதுவாக.
எதுவும் ஓடவில்லை.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் தந்தார்.
கதவு நேர் எதிரே;
நடுவில் பன்னிரண்டு அடி வெற்று சிமெண்டுத் தரை.
அவர் சுவரோரமாகச் சுற்றிப் போனார்,
கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து.

இருட்டை இருபது விநாடியாக்கினோம்.
ஹாலிஃபாக்ஸ் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது:
வாசலில் பலகை வேண்டும்.
கருவி பழுதாகவில்லை, பொறுத்திருங்கள்.

பாதிப் பேர் எட்டாவது விநாடியிலேயே
கவுண்டருக்கு வந்துவிடுகிறார்கள்,
பழுதென்று சொல்ல.