ஏழாவது கைமரம்

கோத்தகிரிக்கு ரயில் வந்ததே இல்லை.
ஆனாலும் இங்கே ஒரு ஸ்டேஷன் நிற்கிறது,
சொசைட்டியின் பச்சைத் தேயிலை
எடைக்கொட்டகையாக.
டிக்கெட் ஜன்னல் வழியே
பட்டுவாடாச் சீட்டு நீட்டுகிறார்கள்.

கரடிப்பாறை ஹால்ட்டிலிருந்து
நான்கு லாரிகளில் ஏறி வந்ததாம்.
அறுபத்தெட்டோ எழுபதோ, யாருக்கும் நிச்சயமில்லை.
லாரிக்காரர் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்:
சூசைமாணிக்கம்.

"ஆங்கிலேயர் பாணி, நல்ல நிலை"
என்று எழுதி அனுப்பினால் போதும் என்றது அலுவலகம்.
நான் ஏணி கேட்டேன்.

தகரத்தின் ஆணி ஓட்டைகளில்
பனி சொட்டிக்கொண்டிருந்தது.
டேப்பின் மறுமுனையைத்
தராசு மேடையில் நின்று பிடித்துக்கொண்டவள்
எடை எழுதும் செல்வநாயகி.

ஒவ்வொரு பொருத்திலும் வெள்ளைப் பெயிண்ட்டில் ஓர் எண்.
அது லாரிக்கு.
பிளேடால் சுரண்டினால்
உளி வெட்டிய ரோமன் கோடுகள்.
அவை ஹால்ட்டுக்கு.
அதோடு இறங்கியிருக்கலாம்.

நான்கு என்று வெட்டிய கைமரத்தின் வயிற்றில்,
கோட்டுக்கும் அடியில், ஓர் எ.
எத்திராஜுலு என்று எவனோ ஓர் ஆசாரி
இனிஷியல் போட்டிருக்கிறான் என நினைத்தேன்.
பக்கத்து மரத்தில் அ.
இந்தப் பக்கம் சு.
ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
ஆறு, ஏழு, எட்டு.

கடைசி மரத்தில் உயங, இருபத்துமூன்று.
இப்போது இருப்பது பதினான்கு.
நீளமான ஏதோ ஒன்றை அறுத்துத்தான்
ஹால்ட் ஆக்கியிருக்கிறார்கள்.
தூண்களில் சாணுக்கொரு காடி,
தட்டுப் பரண்கள் செருகிய தடம்.
சிங்கோனாப் பட்டை உலர்த்திய கொட்டகையோ?
விரலை எச்சில் தொட்டுத் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கசந்தது.
பழைய பெயிண்ட்கூடக் கசக்கும்.

"ஸ்டேஷனாப் பொறக்கல இது," என்றேன் கீழே பார்த்து.

"எங்கம்மா ட்ரங்குப் பெட்டியிலயும்
இப்படித்தான் நம்பர்," என்றாள்.
"மேல மண்டபம் கேம்ப்ல போட்டது.
அடியில தலைமன்னார்ல போட்டது."

"அதுக்கும் அடியில?"

"சுரண்டிப் பாக்கல."

வெளியே ஹாரன்.
முதல் மூட்டைகள் வந்துவிட்டன.
"பேரேடு எடுக்கணும்" என்று முனையை விட்டாள்.
பதினெட்டு அடியையும் சுருட்டிக்கொண்டு வந்து
டேப் என் விரலில் அறைந்தது.