உழக்கு எண்ணெய்

பெயர் கேட்டீர். எழுதிக்கொள்ளும்:
பெதுரு.
பழைய பெயரும் வேண்டுமென்றால்
நல்லூர்க் கோயில் கணக்கன் அயம்பிள்ளை மகன் வினாசி.

வேதத்தில் சேர்ந்தது எந்த நாள் என்கிறீர்.
பாதிரியின் ஏட்டில் ஒரு மாசி ஞாயிறு இருக்கும்,
முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தி
ஒரே செம்பால் நனைத்த ஞாயிறு.
அதை எழுதும். உமக்கு அது போதும்.

நான் எண்ணெய்க் கணக்கு எழுதினவன்.
என் கணக்கில் நாள் வேறு.

அரசர் இரண்டாம் தாரம் கொண்ட ஆவணி அது.
மூத்த தேவிக்கு மூன்று பிள்ளை, மூன்றும் பெண்.
இளையவள் நாகநாச்சி, கரையோர முதலி ஒருவனின் தங்கை.
சீதனமாய் வந்தன
ஊர்காவற்றுறை ஆயத்தில் பாதி,
கொம்பன் யானை ஏழு,
துவக்குப் பிடித்த ஆட்கள் நாற்பது.
அவர்களுக்குப் பின்னால், ஒருவரும் அழைக்காமல்,
இடுப்பில் கயிறு கட்டின ஒரு பாதிரி.
பந்தலின் கடைசிக் காலடியில் இருந்தார்,
வெயிலில் மூக்குச் சிவந்து.
பயற்றம் பணியாரம் நல்லது என்று கையால் காட்டினார்.

அன்றிரவு நாற்பது ஆளுக்கும் பந்தம் கொளுத்த
எண்ணெய் போதவில்லை.
அரண்மனை ஓலை வந்தது:
நந்தா விளக்கிலிருந்து நாளுக்கு ஓர் உழக்கு,
கலியாணம் முடியுமட்டும்.
எழுதினேன்.
முடிந்தது என்ற ஓலை வரவேயில்லை.

மறு ஆண்டு ஆண் பிள்ளை.
ஊரே சர்க்கரை தின்றது, நானுந்தான்.
பிள்ளைக்கு மூன்று வயதில் அரசர் காய்ச்சலில் போனார்.
அவரின் தமையன் மகன்
வன்னியில் ஆள் திரட்டுகிறான் என்றார்கள்.
நாகநாச்சி அண்ணனைப் பார்த்தாள்.
அண்ணன் கடலைப் பார்த்தான்.

கடலில் கப்பல் ஆயத்தமாய் நின்றது.
விலை பெரிதில்லை:
பிள்ளையின் தலையில் கொஞ்சம் தண்ணீர்,
நாவில் ஒரு கல் உப்பு.

பண்ணைத்துறையில் பந்தத்துக்கு எண்ணெய் வார்த்தவன் நான்.
உப்புப் பட்டதும் பிள்ளை முகம் சுளித்துத் துப்பினான்.
பறங்கிகள் சிரித்தார்கள்.
தாய் முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்தாள்,
துடைத்த தலைப்பை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்,
எதையோ களவெடுத்தவள்போல.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நாங்கள் அந்தப் பிள்ளையின் உப்பைத் தின்கிறவர்கள்.
பிள்ளை தின்றதோ அவர்களின் உப்பு.
வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை.
முதலிமார் தலை நனைத்தார்கள், பிறகு அவர்களின் சேவகர்,
பதவி கேட்டு நின்றவர்கள்,
காணி வழக்கு இழுபட்டுக் கிடந்தவர்கள்,
வரிக்குப் பயந்தவர்கள்.
கடைசிப் பக்கத்தில் நான்.

உண்மையாய் அழுது சேர்ந்தவர்களும் உண்டு,
அதையும் சொல்லவேண்டும்.
என் மனைவி சிலுவையில் தொங்குகிறவரைப் பார்த்து
“ஐயோ, ஆர் பெத்த பிள்ளையோ” என்றாள்.
என்னைவிட இரண்டு வருடம் முந்திச் சேர்ந்தாள்.

உழக்கு இரண்டாயிற்று, நாழியாயிற்று.
ஒரு நாள் விளக்கு இல்லை.
பிறகு விளக்கு வைக்கச் சுவர் இல்லை.
கல்லைக் கோட்டைக்கு ஏற்றின வண்டிக்காரர் கூலியையும்
இந்தக் கைதான் எழுதியது.

பிள்ளையா?
ஒன்பது வயதில், படிக்கவென்று,
கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள்.
அம்மை போட்டுச் செத்தான் என்றும்
மொட்டையடித்துச் சந்நியாசியானான் என்றும்
இரண்டு கதை வந்தது.
அரியணைக்குத் திரும்புகிறான் என்ற மூன்றாம் கதை
எந்தக் கப்பலிலும் வரவில்லை.
அவன் துப்பின உப்பில்
நாங்கள் இன்னும் கஞ்சி குடிக்கிறோம்.

இதெல்லாம் தோம்பில் கொள்ளாது, தெரியும்.
பெதுரு. ஆறு பரப்பு. பனை முப்பத்தொன்று.
கிணற்றில் பங்கு.
வேதம் என்ற இடத்தை
நான் வாய் திறக்கமுன்னே நிரப்பிவிட்டீர்.

ஒன்றுமட்டும், இறகை வைத்துவிட்டுக் கேளும்.
நேற்று வெள்ளிக்கிழமை.
உம்முடைய வீட்டு ஒழுங்கையால் வந்தேன்.
இறப்பில் செருகின வாழையிலையின் நுனி
வெளியே தெரிகிறது.
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும்.