அளவு ஏழரை

பன்னிரண்டு வருஷம் கையுறை ஆலையில்
காற்றடித்து ஓட்டை தேடினேன்.
ஒரு ஷிப்டில் எத்தனை ஆயிரம் கை!
என் கைக்கு என்ன அளவென்று
ஒருவரும் கேட்டதில்லை.
நானும்தான்.

பகாவ் மருந்துக்கடை மாடியில்
இரவு எட்டுக்கு வகுப்பு.
செம்பனை லாரிக்குப் பின்னால்
மோட்டாரில் ஊர்ந்து போகிறேன்,
எலும்புகளின் பெயரை
ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தபடி.

பாரத்தில் வயதுக்கான கட்டம் சின்னது;
நாற்பத்து மூன்று
இடித்துக்கொண்டு உட்கார்ந்தது.
'ஏன் இந்த வேலை?' என்ற கட்டம் பெரியது.
'சம்பளம்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

எழுதாமல் விட்டது:
டயாலிசிஸ் நாற்காலியில் இவர்.
ஊசியோடு வந்த பெண் ஒருத்தி
"சுருக்குன்னு இருக்கும் அண்ணே" என்றாள்.
அவ்வளவுதான்.
அதுவரை காதருகே இருந்த தோள்
மெல்ல இறங்கியது.
இவர் போய் மூன்று வருஷம்.
அந்தத் தோள் இன்னும்
இறங்கிக்கொண்டே இருக்கிறது எனக்குள்.

மகனுக்கும் இந்த வருஷம்தான் எஸ்.பி.எம்.
ஒரே மேசை, ஒரே விளக்கு.
என் மலாய் எழுத்துப்பிழைகளுக்கு
சிவப்புப் பேனாவைத் தேடி எடுக்கிறான்,
பழிவாங்குகிறவனைப் போல.

இன்று செய்முறை.
தாதி நோர்ஹயாத்தி அளவு கேட்டார்.
ஆறரை விரலிலேயே நின்றது.
ஏழு கிழிந்தது.
ஏழரை.
"ஏழரையாக்கா? சனியா?" என்றாள் கோமளேஸ்வரி.
வாய்விட்டுச் சிரித்தோம்.
நோர்ஹயாத்திக்குப் புரியவில்லை;
மலாயில் எப்படிச் சொல்வது?

இன்னொரு ஜோடி கொடுத்தார்.
பழக்கதோஷம்,
ஊதிப் பார்க்க வாயருகே கொண்டுபோனேன்.

"ஊதக்கூடாது, கிருமி.
கையை விடுங்கள்."

விட்டேன்.