வலப்புறம்

மிக்கேல் எலியேசர் ஆனது சித்திரையில்.
தங்கச்சிமடத்துத் தகரக் கூடத்தில் முழுகி எழுந்து
நேரே வள்ளத்துக்கு வந்தான்.
அணியத்தில் நின்ற சூசையப்பர் சுரூபத்தைக் கழற்றி
துண்டில் சுற்றிப் பொண்டாட்டியிடம் கொடுத்தான்.
அவள் அதை அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

அப்புறம் சொன்னான்:
இனிமேல் வலை வலப்புறம் மட்டும்.
எழுதியிருக்கிறது.

நான் கூலிக்குப் போகிறவன், பங்கில் ஒன்று.
எழுதியதைப் பற்றி எனக்கென்ன.
வலப்புறம் விட்டோம்.

ஆனி ஆடி கச்சான்.
தென்கிழக்கே ஓடினால் வலது கன்னத்தில் அறையும்.
காற்று வருகிற பக்கம் வலையை விட்டால்
வள்ளம் வலையை விட்டு விலகி நிற்கும்.
இது வேதமில்லை,
பதினாலு வயதில் முதுகில் வாங்கித் தெரிந்துகொண்டது.
பாறையும் ஊளியும் விழுந்தன.
ஒருநாள் மீனை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னான்.
நூற்றைம்பத்து மூன்று வரணும் என்றான்.
நூற்று நாற்பத்தொன்பது.
நாலு நண்டைச் சேர்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சாட்சி சொன்னான்.
கூடத்தில் அழுதார்களாம்.
காற்றின் பேரை அவன் சொல்லவில்லை.
நானும் போய்ச் சொல்லவில்லை,
பங்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

தம்பி கிளாடுவின்தான் முதலில் கேட்டான்,
டீசல் கேனை இறக்கியபடி:
அண்ணே, சொன்னவர் கரையில்தானே நின்றார்?
வள்ளம் கரையைப் பார்த்திருந்தால்
உனக்கு வலது அவருக்கு இடது இல்லையா?

புரட்டாசியில் கிளாடுவின் தனிக் கூடம் போட்டான்.
அதுவும் தகரம்தான். நடுவில் ஐஸ் பேக்டரி.
ஸ்பீக்கர்களை ஒன்றையொன்று முறைக்கிற மாதிரி
திருப்பி வைத்தார்கள்.

நான் சிரிக்க முடியாது.
தங்கச்சி மகன் சார்ஜாவிலிருந்து போனில் அளக்கிறான்,
கைலி கணுக்காலுக்கு மேல் எத்தனை விரல் மாமா என்று.
இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன் மாப்பிள்ளை,
முழங்காலே தெரியவில்லை என்றேன்.
வைத்துவிட்டான். இன்னும் பேசவில்லை.
அவன் அம்மா ஏர்வாடி போய்வந்தால்
பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான்
வீட்டுக்குள் வருகிறாள்.

கார்த்திகையில் வாடை.
இப்போது அறை இடது கன்னத்தில்.
எலியேசரே, இந்தப் பக்கம் விடு என்றேன்.
தலையாட்டினான், மாட்டேன் என்று.
சரி, வள்ளத்தையாவது திருப்பு,
உன் வலமும் என் காற்றும் ஒரே பக்கம் வந்துவிடும் என்றேன்.
யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்,
பீடி ஒன்று எரிந்து முடிகிற நேரம்.
யோசிப்பதே சோதனை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்,
சட்டென்று வலையை அள்ளி வீசினான்.
வலப்புறம்.

காற்று எங்களை வலைமேல் தள்ளியது.
காத்தாடியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் இருமி நின்றது.
மணலித் தீவுப் பாரில் அலை உடைகிற சத்தம்
காதுக்கு எட்டியது.
அவன் முழங்காலிட்டான்.
நான் கத்தியைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்து வெட்டினேன்.
கொட்டலசு ஒட்டிய பலகை முகத்தைச் சீவியது.
கலங்கிய பச்சை. அதில் அங்கங்கே வெளிச்சம்,
எந்தப் பக்கத்து வெளிச்சம் என்று தெரியவில்லை.
நாலு தடவை மூச்சுக்கு வந்தேன்.
எட்டாயிரம் ரூபாய் வலை துண்டு துண்டாகப் போயிற்று.
அதில் ஒரு நகரை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் மேலே வந்தபோது
அவன் கண்ணைத் திறக்கவில்லை,
உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
என் இருமல் கேட்ட பக்கம் குனிந்து
கையை நீட்டினான்.
பிடித்து ஏறினேன்.

இடது கை.
நான் சொல்லவில்லை.