பற்றுச்சீட்டுகள்

நகஸ்ப்பில் என் மேசைக்குக்
காடு காகிதமாகத்தான் வரும்.

மரப்பாசி, நூற்றுப் பதினாறு சாக்கு.
பள்ளிப் பிள்ளைகளும்
ஓய்வுபெற்ற தபால்காரி மார்லீனும்
விழுந்த கிளைகளில் கிள்ளிச் சேர்த்தது.
ஊசியிலை ஒன்றுகூடக் கலக்கக் கூடாது,
சினைக் கரிபூக்கள் முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும்.
கூலி இல்லை.
கோப்பியும் டோனட்டும் எண்பத்து நான்கு டொலர்.

ஹெலி, பதினொரு மணித்தியாலம்.
வலை வீசிப் பிடித்த பெண் கரிபூ ஆறு.
கண்ணைக் கட்டித்தான் கொண்டு வந்தார்கள்.
கறுப்புத் துணி வேலி,
ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு,
வெளிச்சுற்றில் மின்கம்பி.
உள்ளிருப்பது வெளியே பார்க்கக் கூடாது,
வெளியே திரிவது உள்ளே பார்க்கக் கூடாது.
வேலி பயிரை மேயும் என்பார்கள்.
இந்த வேலி மேயவில்லை.
நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த பற்றுச்சீட்டு.
அதே ஹெலி, அதே விமானி,
ஒன்பது மணித்தியாலம்.
தோட்டா இரண்டு பெட்டி.
ஓநாய் என்ற சொல் தாளில் எங்கும் இல்லை.
அகற்றல் என்று இருக்கிறது.
அகற்றல், ஏழு.

ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள்,
கழுத்தில் பட்டி கட்டி.
ஓநாய்க்குத் தனியாய் இருக்கத் தெரியாது,
எங்கேனும் போய் இன்னொன்றைத் தேடிக்கொள்ளும்.
அது தேடிக் கண்டதை
இவர்கள் போய்க் காண்பார்கள்.
எண் பதினேழு.
அந்தப் பட்டிக்கு மின்கலம் வாங்கக்
கையெழுத்திட்டவள் நான்.

றோலண்ட் கெட்டவன் இல்லை.
சாப்பிடுமுன் இரண்டு தரம் கை கழுவுவான்.
இந்த மலையில் மிச்சம் இருபத்தாறு, யாழிசை,
நீ என்றால் என்ன செய்வாய் என்று கேட்டான்.
எண்கள் எல்லாம் அவன் பக்கம்.
முதுகாட்டை வெட்டினார்கள்,
வெட்டிய இடத்தில் இளம்புதர் வந்தது,
புதருக்கு மூஸ் வந்தது,
மூஸுக்குப் பின்னால் ஓநாய் வந்தது.
வெட்டியவர்களின் பற்றுச்சீட்டு மட்டும்
இந்த மேசைக்கு வருவதே இல்லை.

பாதுகாப்பு வலயம் என்ற சொல்லை
ஒருமுறை உள்ளேயிருந்து வாசித்திருக்கிறேன்.
அப்போது எனக்குப் பதினெட்டு வயது.
இன்றும் ஹெலி எழும்பினால்
முதலில் குனிவது என் முதுகு,
பிறகுதான் நான்.
அலுவலகத்தில் இதைக் கதைப்பதில்லை.
அதற்கான கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

மே மாதம் காவல்காரனுக்குக் காய்ச்சல்.
ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள்.
பரண்மேல் ஒரு நாற்காலி, ஒரு போர்வை,
ஒரு வானொலிப் பெட்டி, ஒரு பதிவேடு.
மூன்று பன்னிரண்டுக்கு நான்காம் எண் ஈன்றது.
ஈரப் பொட்டலம் ஒன்று பனியில் விழுந்து
ஆவி பறக்கக் கிடந்தது.
நக்கினாள், நக்கினாள்,
முட்டித் தள்ளினாள்.
நாலு காலும் நாலு திசைக்குப் போக
கன்று எழும்பியது, விழுந்தது,
எழும்பியது.
நான் போர்வைக்குள் கைதட்டினேன்,
சத்தம் வராமல்.

அந்நேரம் பெட்டி டிக் என்றது.
பதினேழு.
பிறகு அதன் குரல்,
நீட்டி, முடியாமல்.
உள்ளே ஆறு தாய்களின் காதும் ஒன்றாய்த் திரும்பின.
எங்கோ தொலைவில், ஏரிக்கு அப்பால்,
இன்னொரு குரல் பதில் சொன்னது.

கண்டுபிடித்துவிட்டது.

பதிவேட்டில் மூன்று கட்டம்:
நேரம், எண், திசை.
பனி விழும்வரை அந்தத் தாள் கோப்புக்குள் காத்திருக்கும்.
பிறகு ஹெலி எழும்பும்.
பேனா உறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.
உறைகிற குளிர்தான்.

கன்று முலை தேடி
முதலில் வேலித் துணியைச் சப்பியது,
பிறகு தாயின் முழங்காலை.
கண்டுபிடிக்கும்வரை பார்த்திருந்தேன்.

எழுதினேன்.
மூன்று ஐம்பத்தொன்று. பதினேழு. வடகிழக்கு.

இரவுப்படி கேட்கலாம் என்றார்கள்.
நாற்பத்தைந்து டொலர்.
என் பற்றுச்சீட்டை
நானே சரிபார்த்து
நானே ஒப்பமிட்டேன்.