ஆறு மில்லிமீற்றர்

ரயில் அறிவியல்நகரைத் தாண்டும்போது
தராசின் நாலாவது தசமம் நடுங்கும்.
கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.
முறிகண்டிப் பக்கம் சத்தம் தேய்ந்த பிறகுதான்
இலைத்தூள் தன் நிறையைச் சொல்லும்.

பொதி இருபத்தொன்பது: மூக்குத்திப்பூண்டு.
இரணைமடு வாய்க்கால் கரையில் நானே பிடுங்கியது.
"ஏன் இந்தச் செடி?" என்றார் கார்த்தியாயினி மிஸ்.
"சனம் காயத்துக்குக் கட்டுறது" என்றேன்.
'நாட்டார் பயன்பாடு' என்று எழுதிக்கொண்டார்.
எந்தச் சனம், எந்தக் காயம் என்று
படிவம் கேட்கவில்லை.

நீரில் ஒரு பங்கு ஊறியது, எதனோலில் ஒரு பங்கு.
பக்கத்தில், கொழும்பிலிருந்து ஐஸ்பெட்டியில் வந்த சேர்வை:
பெயர் இல்லை, கே-பதினேழு,
ஒரு செடியையும் கண்டிராத வெள்ளைத் தூள்.
அதற்கு அடுத்து ஆஸ்பத்திரிக் குளிசை,
மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அளப்போம்.
கடைசியில் வெறும் எதனோல்.
ஒன்றும் செய்யாதிருப்பதுதான் அதற்குத் தந்த வேலை.

ஏகார் முழுக்கக் கிருமியைத் தடவி
காகிதத் தட்டுகளை ஒவ்வொன்றாய் வைத்தேன்.
முப்பத்தேழு பாகை. பதினெட்டு மணித்தியாலம்.
நடுவில் கரண்ட் போய்
காவலாளி ஜெனரேற்றரை ஏசி ஏசி எழுப்பினார்.

காலையில் அளந்தேன்.
குளிசை இருபத்தெட்டு.
கே-பதினேழு இருபத்தி நாலு, கழுவிவிட்ட மாதிரி வட்டம்.
இலை, எதனோலில்: எட்டு.
வெறும் எதனோல்: எட்டு.
இலை, நீரில்: ஆறு.
ஆறு என்றால் பூச்சியம்.
காகிதத் தட்டின் சொந்த அகலமே ஆறு.

அடிமட்டத்தைக் கொஞ்சம் சரித்தால் ஒன்பது வரும்.
சரித்தும் பார்த்தேன்.
பிறகு நிமிர்த்தி, எட்டு என்று எழுதினேன்.

மாத்தளனில் எனக்குப் பதின்மூன்று.
அந்தப் பெண்ணின் பெயர் கேட்க நேரமிருக்கவில்லை,
மருந்துக்கடைப் பேனை ஒன்று சட்டையில் குத்தியிருந்தது.
இதே இலையைத் தன் வாயில் சப்பி
என் முழங்காலுக்குக் கீழே துப்பி
சேலைக் கிழிசலால் இறுக்கினாள்.
மிச்சம் பக்கத்தில் கிடந்த குகதீசனுக்கு.
அவனுக்கு வயிற்றில்.
ஒரே இலை, ஒரே வாய், ஒரே துணி.
மாதிரி எண்ணிக்கை இரண்டு.
ஒன்றும் கட்டப்படாதவர்களை ஒப்பிட்டுப் பார்க்க
தரப்பாளை விலக்கியிருந்தால் போதும்.

அன்று பிந்திப் போகிறேன் என்று சொல்லி நின்றேன்.
ஒரு பிடி இலையைக் குழாயில் கழுவிச் சப்பினேன்.
கசப்பில்லை. புல்லின் ருசி, நாக்கில் கொஞ்சம் சுணை.
புதுக் கிண்ணத்தின் நடுவில் எச்சிலோடு வைத்தேன்.
எந்த வழிமுறையிலும் இல்லாத சாறு.
லேபிளில் எண் போடவில்லை.

மறுநாள் கிண்ணம் முழுக்க முளைத்திருந்தது:
மஞ்சள், வெள்ளை, திரைந்த பால் மாதிரி ஒன்று,
என் வாயில் வாடகையில்லாமல் இருந்த அத்தனை பேரும்.
சிரிப்பு வந்துவிட்டது.
மிஸ் வருமுன் அமுக்க அடுப்பில் போட்டு அவித்தேன்.

பின்னேரம் நச்சுச் சோதனை.
ஆனையிறவு உப்பு கரைத்துப் பொரித்த கூனிக் குஞ்சுகள்.
குழாய்க்குப் பத்து, வில்லைக்குக் கீழே எண்ண வேண்டும்,
அவை நிற்காது, எண்ணியதையே திரும்ப எண்ணுவேன்.
கே-பதினேழில் முப்பதுக்கு இரண்டுதான் அசைகின்றன.
"இதுவும் போச்சு" என்றார் மிஸ்.
மூன்று வருடம், யாரோ ஒருவருடைய பட்டம்.
இலைச்சாற்றில் முப்பதும் இருக்கின்றன,
வெளிச்சம் விழும் பக்கமாய் முண்டியடித்துக்கொண்டு.

செத்ததை எப்படி எண்ணுவதென்று
வழிமுறையில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது:
பத்து விநாடி அசையாவிட்டால் செத்ததாய்க் கொள்க.
மிஞ்சியதை என்ன செய்வதென்று ஒரு வரியும் இல்லை.
"ஊத்திவிடும்" என்கிறார், கை கழுவியபடி.
நான் குழாய்களை ஜன்னலோரம் நகர்த்தி வைக்கிறேன்.
அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது.
பொதி முப்பது: நொச்சி.